விஜயராகவன் எண்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கால்குலேட்டரில் 1.6180340 என்று போட்டு அதை அதாலேயே பெருக்கிக்கொண்டே போங்கள். ஐந்தாம் அடுக்கு 11.090. ஏழாவது 29.034. ஒன்பதாவது 76.013. போகப் போக முழு எண்ணை ஒட்டிக்கொண்டே வரும். காரணம் எளிது. x² = x + 1 என்ற சமன்பாட்டின் ஒரு மூலம் இது; மற்றது −0.618. இரண்டின் அடுக்குகளையும் கூட்டினால் எப்போதும் முழு எண்தான். சின்ன மூலத்தின் அடுக்கு தேய்ந்து மறைந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட எண்களை 1940-களில் ஆராய்ந்தவர் தி. விஜயராகவன். 1902-இல் பிறந்த தமிழர். ஹார்டியிடம் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். அலிகாரில் அவரை வேலைக்குச் சேர்த்தவர் ஆந்த்ரே வெய் என்ற பெரிய கணித மேதை. வெய் அங்கிருந்து விலக்கப்பட்டதும் இவரும் தொடராமல் டாக்காவுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்து ரோஷம்!

பிரான்சில் பிஸோவும் தனியாக இதே எண்களைக் கண்டிருந்தார். அதனால் பிஸோ–விஜயராகவன் எண்கள் என்று பெயர்.

இதனால் என்ன பயன் என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருமே! சொல்கிறேன்.

கீழமாசி வீதித் தேரடியில் நின்று காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் வடக்கே ஒரு கஜம், பூ விழுந்தால் தெற்கே ஒரு கஜம். அடுத்த அடி 0.618 கஜம், அதற்கடுத்தது அதிலும் 0.618 பங்கு. இப்படியே முடிவில்லாமல். ஊரே ஆடினால், ஒவ்வோர் இடத்துக்கும் தெற்கே எத்தனை பங்கு ஜனம் நிற்கும் என்று வரைபடம் போடலாம். முதல் சுண்டலில் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு பாதியும் ஆடுவது அதே ஆட்டத்தின் சுருங்கிய வடிவம். ஆகவே அந்த வரைபடம் தன்னுடைய இரண்டு சுருங்கிய நகல்களின் சராசரி. சார்புச் சமன்பாடு என்பது இதுதான்.

தீர்வு வழவழப்பாக இருக்குமா? அடி பாதி பாதியாகக் குறைந்தால் ஜனம் சீராகப் பரவும், வரைபடம் நேர்கோடு. 0.618-இல் அடிகள் இன்னும் பெரியவை, நகல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இன்னும் வழவழப்பாகத்தானே வரவேண்டும்?

வராது. 1 = 0.618 + 0.382 அல்லவா? தலை-பூ-பூ விழுந்தவரும் பூ-தலை-தலை விழுந்தவரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். இந்த மோதல் ஒவ்வொரு கட்டத்திலும் நடக்கிறது. வரைபடம் எங்கும் குதிக்காமல் ஏறுகிறது. ஆனாலும் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளிலும் சாய்வு பூஜ்யம்! ½-க்கும் 1-க்கும் இடையே, நம் எண்களின் தலைகீழ் ஒவ்வொன்றுக்கும் இப்படித்தான் என்று 1939-இல் ஏர்டீஷ் நிரூபித்தார். 1995-இல் சாலமியாக், அந்த இடைவெளியில் ஏறக்குறைய மற்ற எல்லா எண்களுக்கும் அடர்த்திச் சார்பு உண்டு என்று காட்டினார். இந்த எண்கள் தவிர வேறு ஏதாவது கெடுக்குமா? இன்றுவரை விடையில்லை.

விஜயராகவன் ஊகித்த ஒன்றை 1944-இல் சேலம் என்பவர் நிரூபித்தார். (நம்ம சேலம் இல்லை, ரஃபேல் சேலம்!)

நம்ம பக்கத்துக் கோட்டையூர்க்காரர் அழகப்பச் செட்டியார் 1950-இல் சென்னையில் ராமானுஜன் கணித நிலையம் தொடங்கியபோது முதல் இயக்குநர் விஜயராகவன்தான். 1955-இல் காலமானார். இப்போது பலரும் சுருக்கமாகப் ‘பிஸோ எண்’ என்றே எழுதுகிறார்கள். நான் முழுப்பெயரைத்தான் சொல்வேன்.

x³ = x + 1 என்பதன் மெய் மூலம் 1.3247. இந்த வகையில் மிகச் சிறியது. பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து அடுக்குகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முழு எண்ணை நெருங்க இதற்கு நேரம் எடுக்கும், பத்தாவதோடு நிறுத்திவிடாதீர்கள்.