ஊஞ்சல் யாருடையது?

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்த விஷயம். இரண்டாவது சனிக்கிழமை லீவு, வெளியில் மழை, அதனால் இன்று உட்கார்ந்து விட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக் கொள்ளுங்கள்.

பேங்க் உத்தியோகத்தில் சில வருஷங்களுக்கு ஒரு முறை ஊர் மாற்றம். புவனேஸ்வர், ஜெய்ப்பூர், இப்போது வடோதரா. ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்கு ஸ்கூல் தேடுவது, வீட்டு ஓனரிடம் பேரம் பேசுவது என்று இதிலுள்ள அவஸ்தை உங்களுக்கும் தெரியும். எனக்குக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. போன ஊரிலெல்லாம் விதவிதமாக ஊஞ்சல் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி மனதில் உட்கார்ந்து கொண்டது.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளான எனக்கு ஊஞ்சல் என்றால் கூடத்தில் சங்கிலியில் தொங்கும் தேக்குப் பலகை. அதில் வெற்றிலைப் பெட்டியும் பேப்பருமாக வீட்டுப் பெரியவர். ஆனால் ஒடிசாவிலும் ராஜஸ்தானிலும் ஊஞ்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெண் பிள்ளைகள்தான். நம்மிடமும் அப்படித்தானே இருந்திருக்கும்? பிறகு எப்படி அப்பாக்களின் ஆசனம் ஆனது?

நான் படித்தது பி.காம். தமிழ் ஆராய்ச்சி எல்லாம் கிடையாது. ஆனாலும் பழைய புத்தகங்களைப் புரட்டினேன்.

சங்கப் பாட்டில் இதன் பெயர் ஊசல். (இன்றைக்கு 'உயிர் ஊசலாடுகிறது' என்று சொல்லும்போது மட்டும் அந்தச் சொல் எட்டிப் பார்க்கிறது.) நற்றிணையின் 90-ஆம் பாட்டில், ஊரே திருவிழாக் கொண்டாடும்போது பனைநார்க் கயிற்று ஊசலில் ஒரு பெண் இருக்கிறாள். தோழிகள் ஆட்டி விட்டும் ஆடாமல் அழுதுகொண்டே போய் விடுகிறாள்.

கலித்தொகையில் 37-ஆம் பாட்டுப் பெண் இதற்கு நேர் எதிர். கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிக்கலி. வில்லோடு வருகிற ஒருத்தன் தினமும் அவளைப் பார்ப்பான், வாய் திறக்காமல் போய் விடுவான். பொறுத்துப் பார்த்தவள், ஒரு நாள் தினைப்புனத்தில் ஊசலில் இருந்தபடியே, ஐயா கொஞ்சம் ஆட்டி விடுங்கள் என்று கேட்டு விடுகிறாள். அவன் ஆட்டுகிறான். இவள் பிடி நழுவியது போல நடித்து அவன் மேலேயே விழுகிறாள். அவன் நிஜம் என்று நம்பித் தாங்கிக் கொள்கிறான். கண்ணைத் திறந்தால் விட்டு விடுவானே என்று மயங்கியது போலவே கிடக்கிறாள்! இத்தனை வருஷம் கழித்துப் படித்தாலும் சிரிப்பு வருகிறது.

நான் கவனித்தது இதைத்தான். அந்த ஊசலில் பெண்தான் முடிவெடுக்கிறாள். ஆடுவதும் ஆடாததும் விழுவதும் அவள் இஷ்டம்.

அடுத்தது சிலப்பதிகாரம். வாழ்த்துக் காதையில் ஊசல் வரி என்றே ஒரு பகுதி இருக்கிறது. அம்மானை சோழனுக்கு, பந்து பாண்டியனுக்கு, ஊசல் சேரனுக்கு. பெண்கள் விளையாடிக் கொண்டே ராஜாவைப் பாடுகிறார்கள். திருவாசகத்தில் திருப்பொன்னூசல். பவளத்தில் கால், முத்தில் கயிறு, பொன்னில் பலகை. அதில் ஆடிக்கொண்டு உத்தரகோசமங்கை ஈசனைப் பாடுகிறார்கள். இதுவரை பலகையில் இருப்பது பெண்கள்தான். பாட்டுத்தான் ராஜாவுக்கும் சாமிக்கும்.

அப்புறம் பலகையில் சாமியே உட்கார்ந்து விடுகிறார். பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசல் ஒரு பருவம். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பாடியபோது ஆடுகிற குழந்தை அம்மனேதான். பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் ஸ்ரீரங்கநாதருக்கு ஊசல் பாடினார். மதுரைக் கோயிலில் பொற்றாமரைக் குளத்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஊஞ்சல் மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மனும் சுவாமியும் அங்கே ஊஞ்சலில் ஆடுவார்கள்.

கல்யாணத்தில் ஒரு அரை மணி நேரம் மனுஷப் பெண்ணுக்கும் அந்த இடம் கிடைக்கிறது. சில சமூகத்தாரின் கல்யாணங்களில் கன்னூஞ்சல் என்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து, பாலும் பழமும் கொடுத்து, கலர் சாத உருண்டைகளைச் சுற்றிப் போட்டு, லாலி பாடுவார்கள். மெதுவாகத்தான் ஆட்டுவார்கள். நடுவில் பெண் காலை உந்தி ஆடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் :-)

அதற்குப் பிறகு புகுந்த வீடு. அங்கேயும் உத்தரத்தில் ஊஞ்சல் தொங்கும். ஆனால் மாமனார் எதிரில் மருமகள் அதில் உட்கார முடியாது. அவர் வெளியே போன பிறகு, மத்தியான வேளையில், வாசல் பக்கம் ஒரு காது வைத்துக்கொண்டு உட்காருவார்கள். மரத்திலிருந்து கூடத்துக்கு வந்தபோது ஊஞ்சலுக்கு வெயில் மழைத் தொந்தரவு போனது. கூடவே சொந்தக்காரரும் மாறி விட்டார் என்பது என் கணக்கு.

இப்போது மற்ற ஊர்களுக்கு வருகிறேன்.

ஒடிசாவில் ஜூன் நடுவில் ரஜ பண்டிகை. அவர்கள் உச்சரிப்பில் 'ரொஜொ'. பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று நம்பிக்கை. அதனால் மூன்று நாள் நிலத்தில் ஏர் பூட்ட மாட்டார்கள். பெண்களுக்கும் வழக்கப்படி அரைக்கிற, நறுக்குகிற வேலை எதுவும் இல்லை. புதுத் துணி, காலில் சிவப்புச் சாயம், வாயில் வெற்றிலை, முன்கூட்டியே செய்து வைத்த பொடொ பிட்டா, அப்புறம் ஊஞ்சல். அதிலேயே எத்தனை வகை! பலகை வைத்துக் கட்டினால் பட்டா தோளி. சக்கரம் போலச் சுற்றினால் சர்க்கி தோளி. ராம் தோளி, தண்டி தோளி என்று இன்னும் உண்டு. மாதவிலக்கு என்றால் பெண்ணை ஒதுக்கி உட்கார வைத்த வழக்கம் நமக்குத் தெரியும். அதே காரணத்தைச் சொல்லி ஊஞ்சலில் ஏற்றி விடுகிற ஊரை அங்கேதான் பார்த்தேன்.

ராஜஸ்தானில் சிராவண மாதத்தில், வளர்பிறை மூன்றாம் நாள் தீஜ். கல்யாணமான பெண்கள் அம்மா வீட்டுக்கு வந்து மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடுவது அங்கே பழைய வழக்கம். பிறந்த வீட்டில் பெண்ணுக்குப் பாத்தியதை உண்டு என்பதற்கு ஊஞ்சலே அத்தாட்சி மாதிரி.

குஜராத்தில் ஊஞ்சலுக்கு ஹிஞ்சகோ என்று பெயர். ஹிண்டோளோ என்றும் சொல்வார்கள். (நம் ஹிந்தோள ராகத்தின் பெயரும் ஊஞ்சல்தான்.) யானை, மயில் பொம்மை கோர்த்த பித்தளைச் சங்கிலி, அரக்குப் பூச்சில் மின்னும் சங்கேடா வேலைப்பாடு என்று பணத்துக்குத் தகுந்தபடி கிடைக்கும். சங்கேடா இங்கிருந்து அதிக தூரமில்லை. சிராவணத்தில் வைஷ்ணவ ஹவேலிகளில் கிருஷ்ணருக்குத் தினம் ஒரு அலங்காரத்தில் ஹிண்டோளா உண்டு. ஆனால் சாமி ஆடுகிறார் என்பதற்காக வீட்டில் யாரும் இறங்கவில்லை. எங்கள் அபார்ட்மெண்டில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பால்கனிகளில் மாமியாரும் மருமகளும் ஒரே பலகையில் ஆடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் சண்டை இருக்குமோ இல்லையோ, பலகையில் இடம் இருக்கிறது.

2019-ல் எங்கள் ஊர் வீட்டை விற்றோம். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாத்திரம், பத்தாயம், பீரோ என்று பங்கு பிரித்துக் கொண்டிருந்தோம். அக்கா எதையும் கேட்கவில்லை. கடைசியில், "தம்பி, எனக்கு எதுவும் வேண்டாம். ஊஞ்சல் பலகையை மட்டும் எனக்குக் குடு" என்றாள்.

"நீ அதுல உட்கார்ந்தே நான் பார்த்தது இல்லையே அக்கா?" என்றேன்.

"அதனாலதான் கேட்கிறேன்" என்றாள்.

நான் பதில் பேசவில்லை. ஆறடிப் பலகை. சாக்கு சுற்றி லாரி சர்வீஸில் போட்டு அக்கா இருக்கும் புனேக்கு அனுப்பினேன். அது கான்க்ரீட் வீடு. கொக்கி மாட்ட இன்ஜினியரைக் கூப்பிட்டு, எங்கே துளை போடலாம் என்று கேட்டு, சங்கிலியைக் குட்டையாக்கி மாட்டினார்கள். அக்கா பேத்தி அதில் நின்றுகொண்டே ஆடுகிறாள். அக்கா அதட்டுவதில்லை.

வெளியூரில் இருக்கிற நம்மில் பலருக்கும் ஊரில் இப்படி ஒரு பலகை பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ சாத்தி வைத்திருக்கும். வீட்டை விற்கும்போது மர வியாபாரி எடைக்கும் கன அடிக்கும் விலை சொல்வான். தேக்கு என்றால் நல்ல விலைதான், மறுக்கவில்லை. விற்பதற்கு முன்னால் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பங்குப் பத்திரத்தில் அது வராது. ஆனாலும் முதலில் அது அவர்கள் சொத்து.