அணுவால் எழுதிய எழுத்து

கிரேக்க மொழியில் 'நானோஸ்' என்பது குள்ளனைக் குறிக்கும். அதனினின்று பிறந்ததே நானோ என்னும் அளவு. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. மொழிபெயர்ப்புத் தொழிலில் காலங்கழிக்கும் நாம் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடி அலுத்ததுண்டு.

1959 டிசம்பர் 29 அன்று கலிபோர்னியாவில் நிகழ்ந்த சொற்பொழிவொன்றில் ரிச்சர்டு பெயின்மன் என்னும் பௌதிக அறிஞர், அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வேண்டியவாறு அடுக்குதற்கு இயற்கை விதி எதுவும் தடையன்று என்றார். இத்துறைக்கு அவ்வுரையே வித்து என்று பலரும் எழுதுகின்றனர். நாம் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வுரையை எடுத்தாண்டோர் மிகச் சிலரே.

உண்மையான கருவி ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்தது. அதுவும் மெல்லிய படலங்களை ஆராயும் வேறொரு நோக்கத்தோடு. 1981-இல் கெர்டு பின்னிக், ஹைன்ரிக் ரோரர் ஆகிய இருவரும் சூரிக் நகரருகே அதனை அமைத்தனர். கூரிய ஊசிமுனையை உலோகப் பரப்பின்மீது தொடாமல் நிறுத்தினால், இடைவெளியைக் கடந்து சிறிதளவு மின்சாரம் பாயும். இடைவெளி அணுவளவு மாறினும் மின்சாரம் பெரிதும் மாறும். கண்ணற்றவர் விரலால் தடவி எழுத்தறிவதுபோல் ஊசி அணுக்களை அறிந்தது. இதற்காக அவ்விருவரும் 1986-இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர்.

தடவிய ஊசி தள்ளவும் கூடுமன்றோ? 1989-இல் கலிபோர்னியாவில் டான் ஐக்லர், எர்ஹார்டு ஸ்வைசர் இருவரும் உறைநிலைக்குக் கீழே 269 டிகிரிக் குளிரில், நிக்கல் பரப்பின்மேல் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக இழுத்து, தம் நிறுவனப் பெயராகிய ஐ.பி.எம். என்னும் மூன்றெழுத்தை அமைத்தனர். பொறுமையே அங்கு மூலதனம்.

ஓலையில் எழுதியோருக்குப் பின் அச்சுயந்திரம் வந்தாற்போல, இங்கும் யந்திரம் வந்தது. 2016-இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர் செம்பின்மேல் குளோரின் அணுக்களைப் பரப்பி, இடையிடையே வெற்றிடம் விட்டனர். வெற்றிடங்களை இனங்கண்டு, அணுவை நகர்த்தும் வேலையைக் கணிப்பொறியே பெரும்பாலும் செய்தது. எண்ணாயிரத்துச் சொச்சம் குறிகள் அவ்வாறு அமைந்தன. அவற்றால் எழுதப்பட்டது பெயின்மன் சொற்பொழிவின் ஒரு பகுதியே! அவ்வெழுத்து உறைநிலைக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் நிலைத்து நின்றது. ஆயினும் ஊசி ஒன்றே, வேலையும் மெத்தனமே.