கை நடுக்கத்தின் இரு வரலாறுகள்

மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைத் தெருவொன்றில் முதிய மிளகு வணிகர் ஒருவரைச் சந்தித்தேன். கணக்கேட்டில் எழுதும்போதும் தேநீர்க் குவளையை உயர்த்தும்போதும் அவர் கை நடுங்கியது. மடியில் ஓய்ந்திருக்கையில் நடுக்கமில்லை. தம் தந்தைக்கும் இவ்வாறே இருந்ததென்றார். வீட்டார் இதனைப் பார்க்கின்சன் நோயெனக் கருதிப் பூனைக்காலி விதைச் சூரணம் கொடுத்துவந்தனர்.

அவ்விதைக்கும் கொச்சிக்குமான தொடர்பு பழையது. டச்சு ஆளுநர் வான் ரீட், ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணியரும் துணைநிற்கத் தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் பூனைக்காலி தன் மலையாளப் பெயரான ‘நாய்க்கொரணை’ என்பதாலேயே இடம்பெற்றது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் இராமசாமியும் அவ்விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தனர். 1960களில் அப்பொருளே பார்க்கின்சன் நோய்க்கு முதன்மை மருந்தாயிற்று.

ஆனால் வணிகரிடம் கண்ட குறிகள் வேறொன்றைச் சுட்டுகின்றன. செயலின்போது தோன்றி, பெரும்பாலும் குடும்பவழியில் வரும் அதற்கு ‘எசென்ஷியல் டிரெமர்’ என்று பெயர். வேறொரு நோயின் விளைவாகவன்றித் தானே நிற்பது என்பதே இங்கு ‘எசென்ஷியல்’ என்பதன் பொருள். எல்-டோபா இதனைத் தணிப்பதில்லை.

இதற்கான மருந்து இதய ஆய்விலிருந்து வந்தது. 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் அட்ரினலின் ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என வகுத்தார். அவ்வகுப்பைக் கொண்டு ஜேம்ஸ் பிளாக், ஐ.சி.ஐ. நிறுவனத்தில் இதயநோயால் வரும் நெஞ்சுவலிக்கெனப் புரோப்ரனோலால் என்னும் பீட்டா தடுப்பானை உருவாக்கினார். அது நடுக்கத்தையும் குறைப்பதை 1971இல் அமெரிக்க நரம்பியலாளர்களான விங்க்ளரும் யங்கும் அறிவித்தனர். தசைகளிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளைத் தடுப்பதே இதன் முக்கியச் செயல்வழி எனக் கருதப்படுகிறது. நோய் நீங்குவதில்லை, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நடுக்கம் குறையும். மூச்சுக்குழாயைச் சுருக்குமாதலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இம்மருந்து ஆகாது. மிளகுத் தூசியிடையே வாழ்நாளைக் கழித்தவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது அதுவே. நரம்பியல் மருத்துவரைக் காணுமாறு அவரிடம் சொல்லி வந்தேன்.

அவ்வீட்டார் செய்த பிழையை நாமும் செய்கிறோம். ஆயுர்வேத நூல்களில் ‘கம்பவாதம்’ என்று காணுமிடமெல்லாம் ‘பார்க்கின்சன்’ என்று பெயர்த்துவிடுகிறோம். அச்சொல் குறிப்பது நடுக்கத்தை. ஒரு தனி நோயையன்று. நூல் கூறும் நடுக்கம் ஓய்விலா, செயலிலா என்று பார்த்த பின்னரே நோயின் இன்றைய பெயரை எழுத வேண்டும். மூலத்தில் அக்குறிப்பு இல்லையெனில் ‘கம்பவாதம்’ என்றே விட்டுவிடுவது நேர்மை.