சாஃப்ட்வேர் போட்டா பேட்டரி பெருசாகுமா?

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுதியது.)

இந்த எபிசோட் எங்க மாமா கேட்ட ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. அவர் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல, கடை சிதம்பரம் மேல வீதியில. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியா போக 45, வர 45, ஒரு நாளைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். டீசல் கணக்கு பார்த்துச் சலிச்சுப்போய், பழைய எலெக்ட்ரிக் கார் ஒண்ணை விலை பேசிக்கிட்டிருந்தார். ஒருநாள் ராத்திரி போன்.

"மாப்ள, நீ சாஃப்ட்வேர்லதானே இருக்க? ரேஞ்ச் கம்மியா காட்டுதேன்னு கேட்டா, அப்டேட் போட்டா புது வண்டி மாதிரி ஆயிடும்னு புரோக்கர் சொல்றான். நெசமா?"

"ஒரு வாரம் டைம் குடுங்க மாமா"ன்னேன். இது லட்சக்கணக்கான ரூபாய் விஷயம். வாயில வந்ததைச் சொல்ல முடியாது. அந்த ஒரு வாரத்துல படிச்சதுதான் இந்தக் கதை. அளவுகோலா மாமாவோட 90 கிலோமீட்டரையே வச்சுக்குவோம்.

முதல்ல நம்ம பக்கத்து வண்டி. 1993ல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் லவ்பேர்ட் என்று ஒரு எலெக்ட்ரிக் கார் அறிமுகமானது. எடி நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா எலெக்ட்ரிக்கோடு சேர்ந்து செய்தது. கேரளத்தின் சாலக்குடியிலும் நம்ம கோயம்புத்தூரிலும் தயாரானது. ரெண்டு பேர் உட்காரலாம். லெட் ஆசிட் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர் வாக்கில் ஓடும். மாமா சிதம்பரம் போய்ச் சேர்ந்திருப்பார், திரும்பி வரும்போது வழியிலேயே நின்றிருப்பார். அப்டேட் என்ற பேச்சே இல்லாத காலம். வண்டியை வாங்கின அன்னைக்கு என்ன இருக்கோ அதுதான் கடைசி வரைக்கும்.

அடுத்தது ரேவா. பெங்களூரு மைனி குழுமமும் கலிபோர்னியாவின் அமெரிகானும் 1994ல் சேர்ந்து தொடங்கிய முயற்சி. அதை நடத்தியவர் சேத்தன் மைனி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே சூரிய ஒளிக் கார் செய்து பந்தயத்துக்குப் போன குழுவில் இருந்தவர். 2001ல் வண்டி சாலைக்கு வந்தது. 6 வோல்ட் பேட்டரி எட்டு, மொத்தம் 48 வோல்ட். ரேஞ்ச் 80 கிலோமீட்டர். லண்டனில் ஜி-விஸ் என்ற பேரில் ஓடியதும் இதே வண்டிதான். நம்ம அளவுகோலுக்கு 10 கிலோமீட்டர் குறைவு. அதுவும் பேட்டரி புதுசா இருக்கும்போது. லெட் ஆசிட் பேட்டரிக்கு வெயில் ஆகாது. கடலூர் மே மாசத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

80ஐ ரேவா எப்படித் தாண்டுச்சு? 2009 ஜனவரியில் லித்தியம் அயான் பேட்டரி வச்ச மாடல் விட்டாங்க. ரேஞ்ச் 120 ஆச்சு. கவனிங்க, பேட்டரியே மாறினதாலதான் தூரம் கூடுச்சு. உள்ளே ஓடுற கோடை மாத்தி அந்த 40 கிலோமீட்டர் வரல.

ஆனா அதே 2009 செப்டம்பரில், ஃப்ராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோவில் அதே ரேவா இன்னொன்னு அறிவிச்சுது. பேரு ரிவைவ். சார்ஜ் தீர்ந்து நடுரோட்டுல நிக்கிறீங்களா? கம்பெனிக்குப் போன் பண்ணுங்க, இல்ல எஸ்எம்எஸ் அனுப்புங்க. அவங்க தூரத்திலிருந்தே உங்க வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட வச்சிடுவாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு நிமிஷம் தலை சுத்துச்சு. 2009ல், எஸ்எம்எஸ்ல!

மந்திரம் இல்ல. நம்ம பைக்ல ரிசர்வ் இருக்குமே, அதேதான். பேட்டரியை முழுசா காலி பண்ணினா அது கெட்டுப்போகும். அதனால அடியில கொஞ்சம் சார்ஜ் இருக்கும்போதே சாஃப்ட்வேர் "தீர்ந்துடுச்சு"ன்னு சொல்லிடும். ரிவைவ் அந்த ஒளிச்சு வச்ச பங்கைத் திறந்துவிடுது, அவ்வளவுதான். 2010ல் மஹிந்திரா ரேவாவின் பெரும்பங்கை வாங்கியது. 2013 மார்ச்சில் வந்த இ2ஓவிலும் ரிவைவ் இருந்தது. அந்த வண்டிக்குச் சொன்ன ரேஞ்ச் 100. மாமாவோட கணக்குக்கு 10 கிலோமீட்டர்தான் மிச்சம், ஏசி போட்டா அதுவும் சந்தேகம்.

நான் மாமாகிட்ட சொன்ன முதல் விஷயம் இங்கிருந்துதான் வந்தது. பெட்டியில ஏற்கெனவே இருக்கிறதைத்தான் சாஃப்ட்வேர் எடுத்துக் குடுக்கும்.

இதுக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்ட உதாரணம் 2017 செப்டம்பர். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை இர்மா புயல் நெருங்குது. தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரங்களுக்கு அந்தப் பதற்றம் புரியும். ஊரைக் காலி பண்ணிட்டுப் போறவங்க நடுவுல சில டெஸ்லா ஓனர்களுக்குத் திடீர்னு வண்டியின் ரேஞ்ச் சுமார் 50 கிலோமீட்டர் கூடுச்சு. எப்படி? அவங்க வாங்கினது 60 யூனிட் மாடல், ஆனா உள்ளே இருந்தது 75 யூனிட் பேட்டரி. (கிலோவாட் அவரைத்தான் யூனிட்னு சொல்றேன். நம்ம கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்.) மிச்சத்தை சாஃப்ட்வேரால பூட்டி, விலையைக் குறைச்சு வித்திருந்தாங்க. புயலுக்காகத் தற்காலிகமா திறந்தாங்க, அப்புறம் திரும்பப் பூட்டிட்டாங்க. நல்ல காரியம்தான். ஆனா வண்டிக்கு அந்த எடையை இவ்வளவு நாள் சுமந்தது யாரு, அந்தச் சாவி யார்கிட்ட இருந்தது என்று யோசிக்காம இருக்க முடியல.

சாவி இன்னொரு பக்கமும் திரும்பும். 2019ல் ஒரு அப்டேட் வந்தது. வெளிநாடுகளில் நின்ன இடத்துலயே சில டெஸ்லாக்கள் தீப்பிடிச்ச பிறகு, பாதுகாப்புக்குன்னு சொல்லி அனுப்பினாங்க. சில பழைய மாடல் எஸ் வண்டிகள்ல பேட்டரியின் அதிகபட்ச வோல்டேஜைக் குறைச்சுட்டாங்க. ராத்திரி படுக்கும்போது இருந்த ரேஞ்ச் காலையில இல்ல. ஓனர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2021ல் 15 லட்சம் டாலருக்குச் சமரசம், 1,743 வண்டிகள், ஆளுக்கு 625 டாலர். பழைய வண்டி வாங்குறவங்க கேட்கவேண்டிய கேள்வி இதுல இருக்கு. கடைசி அப்டேட் என்ன சேர்த்தது, என்ன எடுத்தது?

இப்போ நம்ம நாட்டு வண்டிக்கு வருவோம். எனக்குப் பிடிச்ச உதாரணமே இதுதான், ஏன்னா கோடு எங்க விழுதுன்னு துல்லியமா தெரியும். 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இவி வந்தது. 30.2 யூனிட் பேட்டரி, சோதனைக் கணக்குப்படி 312 கிலோமீட்டர். 2022 மே மாதம் மேக்ஸ் என்று ஒன்று, 40.5 யூனிட், 437 கிலோமீட்டர். அதே ஜூலையில் பழைய பேட்டரியோடே பிரைம் என்ற மாடல். பிரைமில் சேர்த்த வசதிகளை, ஏற்கெனவே வாங்கியிருந்த 22,000க்கும் மேற்பட்டவர்களுக்கும் சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் மூலமா இலவசமா தர்றோம்னு அறிவிச்சாங்க.

அந்தப் பட்டியலைப் பாருங்க. பிரேக் போடும்போதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் கரண்ட் திரும்பப் பேட்டரிக்குப் போகுமே, அதோட அளவை டிரைவரே மாத்திக்கலாம். மோட்டாரும் இன்வெர்ட்டரும் ஏற்கெனவே இருக்கு. எவ்வளவு இழுக்கணும்னு சொல்றது வெறும் கோடு. குரூஸ் கன்ட்ரோலும் அப்படித்தான். டயர் காத்து குறைஞ்சா எச்சரிக்கை, இது இன்னும் அழகு. டயருக்குள்ள எந்த சென்சாரும் வைக்கல. காத்து இறங்கின டயரின் ஆரம் கொஞ்சம் குறையும், அதனால மத்த மூணைவிட வேகமா சுத்தும். சக்கரம் சுத்துற வேகத்தை ஏபிஎஸ் ஏற்கெனவே அளந்துக்கிட்டுதான் இருக்கு. அந்த நாலு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக்குடுத்தா போதும். ஒரு இன்ஜினியரா சொல்றேன், இந்த மாதிரி வேலைக்குக் கை தட்டலாம்.

பட்டியல்ல இல்லாதது என்ன? 40.5 யூனிட் பேட்டரி இல்ல. மேக்ஸுக்குக் குடுத்த 7.2 கிலோவாட் ஏசி சார்ஜரும் இல்ல. பழைய வண்டிக்குள்ள இருக்கிறது 3.3 கிலோவாட் சார்ஜர். செம்புக் கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், குளிரூட்டும் அமைப்பு எல்லாம் அந்த அளவுக்குத்தான். எந்த அப்டேட்டும் அதை 7.2 ஆக்காது. இன்னொண்ணு, பிரேக்ல கரண்ட் திரும்பக் கிடைக்கிறது கடலூர் டவுன் நெரிசல்ல பிரயோஜனம். ஆலப்பாக்கம் தாண்டி ஒரே சீரா 80ல போறப்போ பிரேக்கே போடமாட்டீங்களே, அப்புறம் எங்கிருந்து திரும்ப வரும்?

பேட்டரி மட்டும்தான் வயசாகும்னு நினைக்காதீங்க. பழைய டெஸ்லா மாடல் எஸ், எக்ஸ் வண்டிகளின் திரைக்குப் பின்னால் 8 ஜிபி ஃப்ளாஷ் மெமரி இருந்தது. அந்தச் சிப்புல எழுதி அழிக்கிற எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. சாஃப்ட்வேர் லாக் மேல லாக் எழுதிக்கிட்டே இருந்தது, அஞ்சாறு வருஷத்துல மெமரி தேய்ஞ்சுபோச்சு. திரை செத்தா ரிவர்ஸ் கேமரா போச்சு, கண்ணாடிப் பனியை நீக்குற கன்ட்ரோலும் போச்சு. 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க. தேவையில்லாத லாக்கை எழுதி புரொடக்‌ஷன் சர்வர் டிஸ்க்கை நிரப்பின பாவம் எனக்கும் உண்டு. ஆனா அதனால யாருக்கும் ரிவர்ஸ் கேமரா போகல.

பிரிட்டனில் வேற மாதிரி. 2016க்கு முன்னால் செய்த நிஸான் லீஃப் வண்டிகளுக்குள்ள 2ஜி மோடம். நெட்வொர்க்கே மூடப்போகுதுன்னு 2024 ஏப்ரல் 1ஆம் தேதியோட போன் ஆப்பை நிறுத்திட்டாங்க. வண்டி ஓடும், சார்ஜ் ஏறும். போன்லயிருந்து ஏசி போட முடியாது.

ஒரு வாரம் கழிச்சு மாமாகிட்ட சொன்னேன். "டேஷ்போர்டுல காட்டுற கிலோமீட்டரை நம்பாதீங்க. அது கடந்த சில நாள் ஓட்டினதை வச்சு சாஃப்ட்வேர் போடுற ஊகம். அப்டேட் போட்டா அந்த எண் கூடலாம், பேட்டரி அப்படியேதான் இருக்கும். நூறு பர்சென்ட் சார்ஜ் போட்டு, ஏசியோட, சிதம்பரம் போய்ட்டு வாங்க. பேட்டரி வாரண்டி எந்த வருஷம் வரைக்கும், உங்க பேருக்கு மாறுமான்னு எழுத்துல வாங்குங்க."

புரோக்கரையும் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு ஒரு சனிக்கிழமை கிளம்பினார். திரும்பி வந்தப்போ மிச்சம் 38 பர்சென்ட். அதாவது 62 பர்சென்ட்டுக்கு 90 கிலோமீட்டர், முழு சார்ஜுக்கு 145 வரும். அவர் தேவைக்குப் போதும். ஆனா புரோக்கர் கேட்டது புது பேட்டரிக்கான விலை. மாமா அந்தக் கணக்கைத் துண்டுச்சீட்டுல எழுதி அவர் கையில குடுத்து, "அப்டேட்டை நீயே போட்டுட்டு வா, இன்னொரு தடவை போய்ட்டு வருவோம்"னு சொல்லியிருக்கார். புரோக்கர் அப்டேட் போடல. மறுநாள் காலையில விலையைக் குறைச்சுட்டு வந்தார்.