காலண்டரில் 24 நாள்... கம்பெனியில் எத்தனை நாள்? திருப்பூர் பனியன் தொழிலாளர்களின் லீவு கணக்கு!

புது காலண்டர் கைக்கு வந்ததும் பலரும் முதலில் பார்ப்பது சிவப்பு எழுத்தைத்தான். 2026-ம் ஆண்டுக்கு தமிழ்நாடு அரசு அறிவித்த பொது விடுமுறை 24 நாள். பொங்கல் வியாழனில் தொடங்கி ஞாயிறு வரை 4 நாள். குடியரசு தினம் திங்கள். மே தினமும் காந்தி ஜெயந்தியும் கிறிஸ்துமஸும் வெள்ளிக்கிழமை. 'லாங் வீக்எண்ட்' பட்டியல் இப்போதே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. அவருக்கான கணக்கு வேறு ஒரு சட்டத்தில் இருக்கு. அது என்ன, யாருக்கு எத்தனை நாள், லீவு அன்று வேலை பார்த்தால் என்ன கிடைக்கும்? பார்க்கலாம்.

அந்த 24 நாள் யாருக்கு?

அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும். 1881-ம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் மாநில அரசு ஆண்டுதோறும் இந்தப் பட்டியலை வெளியிடுகிறது. இதில் ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிப்புக்காக மட்டும். அன்று அரசு அலுவலகம் வழக்கம்போல இயங்கும். தைப்பூசம் 2021-ல்தான் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. இந்த ஆண்டு அது பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. எனவே தனி லீவாகக் கிடைக்காது.

கலெக்டர் அறிவிக்கும் 'உள்ளூர் விடுமுறை' இன்னொரு ரகம். ஓணத்துக்கு கோவையிலும் சதய விழாவுக்கு தஞ்சாவூரிலும் விடுவது இந்த வகைதான். இது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்பதால் வங்கிகள் திறந்திருக்கும். பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை வேலை செய்து அதை ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

அப்போ கம்பெனிக்கு எத்தனை நாள்?

சட்டப்படி குறைந்தது 9 நாள், சம்பளத்தோடு. 1958-ம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் இதைச் சொல்கிறது.

* தேசிய விடுமுறை 4 நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இவற்றில் மாற்றம் கிடையாது.
* பண்டிகை விடுமுறை 5 நாள்: எந்தப் பண்டிகை என்று சட்டம் பெயர் சொல்லவில்லை. நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்து ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது வரியைத்தான். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று எண்ணினாலே 5-ஐத் தாண்டிவிடும். எது உள்ளே, எது வெளியே என்பதில் தொழிலாளிக்கும் ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

லீவு அன்று வேலைக்கு வரச் சொன்னால்?

ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் லீவு நாளிலும் மெஷின் ஓடும். தவறில்லை, ஆனால் அதற்கு விலை உண்டு. இந்த 9 நாளில் ஒன்றில் வேலை செய்தால் இரண்டு வழி: அன்றைக்கு இரண்டு மடங்கு சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் மாற்று லீவு. எது வேண்டும் என்பது தொழிலாளியின் விருப்பம்.

இன்னொரு குழப்பமும் இங்கே தீர்ந்துவிடும். தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு விட்டுவிட்டு, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வைத்து ஈடு செய்வது திருப்பூரில் பழகிப்போன ஒன்று. 9 நாளுக்கு மேல் விடும் கூடுதல் நாட்களுக்கு அப்படிப் பேசி முடிவு செய்யலாம். ஆனால் சட்டப்படியான 9 நாளை ஈடு செய்யச் சொல்ல முடியாது. அது சம்பளத்தோடு வரும் லீவு.

அரசே கூடுதல் லீவு விட்டாலும் கணக்கு இப்படித்தான். 2024-ல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. மறுநாள் நவம்பர் 1-ஐயும் விடுமுறையாக்கிய தமிழ்நாடு அரசு, அதற்கு ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமையை வேலை நாளாக்கியது.

திருப்பூரில் ஏன் இது பெரிய விஷயம்?

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இங்கிருந்து போகிறது. ஆனால் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் தயாராவதில்லை. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி வேறிடம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்த பிறகுதான் பெட்டி தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பும். ஒரு டையிங்கில் ஆள் திரும்பவில்லை என்றால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் துணிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

தொழிலாளி பக்கம் பார்த்தால் சம்பளம் ஷிப்ட் கணக்கில், அல்லது பீஸ் ரேட்டில். சனிக்கிழமை கையில் வாங்கும் தொகைதான் அடுத்த வார வீட்டுச் செலவு. மாதச் சம்பளக்காரருக்கு 3 நாள் தொடர் லீவு என்றால் ஊட்டி, கொடைக்கானல். சம்பளம் இல்லாத லீவு என்றால் பீஸ் ரேட் ஆளுக்கு 3 நாள் வருமானம் போச்சு. 'லீவு கிடைத்ததா' என்பதோடு 'சம்பளத்தோடு கிடைத்ததா' என்றும் இங்கே கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்கு?

தேனி, திண்டுக்கல், சிவகங்கைக்காரர்கள் தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஏறினாலும் விடிவதற்குள் வீடு போய்ச் சேரலாம். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்தவர்களின் நிலை அப்படியில்லை. திருப்பூர் வழியாகப் போகும் ஆலப்புழா - தன்பாத் எக்ஸ்பிரஸில் தன்பாத் போகவே கிட்டத்தட்ட 2 நாள். போக வர 4 நாள் ரயிலிலேயே கழியும்.

அவர்களின் பண்டிகையும் வேறு. பீகாரில் சத் பூஜை, வங்கத்தில் துர்கா பூஜை, ஒடிசாவில் ஜூன் மாதத்து ரஜ பண்டிகை, அசாமில் பிஹு எல்லாம் அந்தந்த மாநிலத்தில் லீவு. தமிழ்நாட்டுப் பட்டியலில் ஹோலிகூட கிடையாது. சத் பூஜை தீபாவளி முடிந்து ஒரு வாரத்துக்குள் வருவதால், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் அதையும் முடித்துவிட்டே திரும்ப நினைப்பார்கள். கம்பெனி திறந்தும் லைன் நிரம்பாததற்கு இது ஒரு காரணம். வட மாநிலத்தவர் அதிகம் உள்ள யூனிட்டில் அந்த 5 பண்டிகை நாளைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச சட்டத்தில் தடை எதுவும் இல்லை.

இவ்வளவு தூரப் பயணத்துக்கு உண்மையில் கைகொடுப்பது சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்புதான். 20 நாள் வேலைக்கு 1 நாள் என்று அது சேரும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி இதைப் பெற ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. இடையில் மாதக்கணக்கில் ஊருக்குப் போய்விட்டு வருபவருக்கு இது முக்கியம். 180 நாள் வேலை செய்திருந்தால் 9 நாள் விடுப்பு சேர்ந்திருக்கும்.

வாக்குப்பதிவு நாள்?

இந்த ஆண்டு தமிழ்நாடு, மேற்கு வங்கம், அசாம் என சட்டமன்றத் தேர்தல் வரிசை இருக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவுப்படி, ஓட்டுரிமை உள்ள ஊழியருக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு தர வேண்டும். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற ஏற்பாட்டில் இருப்பவருக்கும் இது பொருந்தும். ஆனால் சட்டம் தருவது அந்த ஒரு நாள் மட்டுமே. அசாம் போய்வரும் நாட்கள் தொழிலாளியின் சொந்தக் கணக்கு.

தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தால்?

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் பொது விடுமுறை சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்த வேலை நாள் லீவாகிவிடும். அமெரிக்காவில் 1971 முதல் சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கே மாற்றி வைத்திருக்கிறார்கள். திருப்பூர் துணியை வாங்கும் ஊர்களில் இப்படி ஒரு வசதி. இங்கே தானாக மாறும் ஏற்பாடு இல்லை. அரசு அறிவித்தால் உண்டு, கம்பெனி பேசி விட்டால் உண்டு.

எனவே இப்போதே செய்யக்கூடியது: உங்கள் யூனிட்டின் 5 பண்டிகை நாள் எவை என்று பாருங்கள். தீபாவளி லீவு எத்தனை நாள், அதில் எத்தனை நாள் சம்பளத்தோடு, எத்தனை நாள் ஈடு செய்ய வேண்டியது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அதாவது செப்டம்பர் தொடக்கத்திலேயே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.