பெர்னாண்டோ என்றால் போர்ச்சுகீசிய வம்சமா?

ராயபுரத்து நண்பர் ஒருவர் போன மாதம் போனில் கேட்டார். "டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாம்னு இருக்கேன். எங்க குடும்பப் பேர் பெர்னாண்டோ. தாத்தா தூத்துக்குடியிலருந்து ஹார்பர் வேலைக்கு வந்தவர். நம்ம உடம்புல போர்ச்சுகீஸ் ரத்தம்னு பெரியவங்க சொல்லுவாங்க. நிஜமான்னு தெரிஞ்சிடுமா?" அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த டெஸ்ட்டின் அடிப்படை. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. 2000-ல் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன் குடும்பப் பெயரையே கொண்ட 48 ஆண்களைச் சோதித்தார். 21 பேரின் ஒய் குரோமோசோம் ஒரே மாதிரி இருந்தது. ஒரே மூதாதையிடமிருந்து வந்த பெயர் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

நம்ம ஊரில் கதை வேறு. அப்பா பெயர்தான் நமக்கு இனிஷியல். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் 'முருகன்' என்று இருக்கும் இரண்டு பேரை யாரும் பங்காளிகள் என்று நினைக்க மாட்டோம். ஆனால் ராயபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பெயர் வைத்திருப்பவர்கள் உண்டு. அதிலும் இரண்டு வகை.

ஒன்று, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியபின் ரயில்வே வேலையை ஒட்டி வாழ்ந்தவர்கள் இவர்களில் பலர். இந்தக் கலப்புக்குக் கம்பெனியே ஊக்கம் கொடுத்தது. 1687-ல் லண்டன் இயக்குநர்கள் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து பிள்ளை பிறந்தால் தாய்க்கு ஒரு பகோடா தரலாம் என்கிறார்கள். நம் அரசியல் சாசனத்தின் 366(2) பிரிவும் ஆங்கிலோ-இந்தியரை ஆண்வழி ஐரோப்பிய மூதாதையை வைத்தே வரையறுக்கிறது. ஒய் குரோமோசோம் போகும் பாதையும் அதுதான். இவர்களுக்கு இந்த டெஸ்ட் பொருந்தும்.

இரண்டாவது வகை நம்ம நண்பர். முத்துக்குளித்துறைப் பரதவர்கள், போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடி 1535 முதல் 1537 வரை கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போது வந்தவைதான் பெர்னாண்டோ, கோஸ்டா, கோமஸ், வாஸ் போன்ற பெயர்கள். ஒரே பெயரை உறவே இல்லாத பல குடும்பங்கள் எடுத்துக்கொண்டன. ஆக, இந்தப் பெயர் ஞானஸ்நானத்தின் வழியாக வந்தது. அதை வைத்து வம்சத்தைச் சொல்ல முடியாது.

இதைக் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்போ நாங்க யாரு?"

போர்ச்சுகீசியக் கப்பல் வருவதற்கு முன்பே அந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள் என்றேன். டெஸ்ட் எடுத்தால் தென்னிந்தியாவில் பரவலாக உள்ள எச், எல் மாதிரி ஒரு கிளை வர வாய்ப்பு அதிகம். மேற்கு ஐரோப்பாவில் அதிகம் காணப்படும் ஆர்1பி-யின் கிளை வந்தால், நேர் ஆண்வழியில் ஒரு ஐரோப்பியர் இருந்திருக்கலாம். அதுவும் ஒரு கோடு மட்டும்தான். பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் பேசுவது அதில் ஒருவரைப் பற்றி.

'உறவினர் பட்டியல்' தரும் டெஸ்ட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சமூகங்களில், தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தம் போலக் காட்டும். அண்ணன் தம்பிக்கு ஒய் பொதுவானது என்பதால், இவர் ரிசல்ட் அவர்களுடைய ரிசல்ட்டும்தான். எதிர்பாராத ஒன்று வந்தால் மொத்தக் குடும்பமும் அதைச் சுமக்க வேண்டும். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

இப்போதைக்கு அவர் கிட் வாங்கவில்லை. தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைக் கேட்டுத் தூத்துக்குடிப் பங்குக் கோயிலுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அதில் தாத்தாவின் அப்பா, அம்மா பெயர் இருக்கும். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.