ஹார்வர்டின் நாற்பது சோதனைகள்

பள்ளி மாணவன் கையில் தராசைக் கொடுத்தது யார் என்று அமெரிக்கக் கல்வி வரலாற்றில் தேடிக்கொண்டு போனால், கடைசியில் ஒரு நுழைவுத் தேர்வில் போய் நிற்போம். 1880கள் வரை அங்கே பள்ளி இயற்பியல் என்றால் பெரும்பாலும் பாடப்புத்தகம்தான். வசதியுள்ள பள்ளியில் ஆசிரியர் மேசைமேல் காற்றுப் பம்பை இயக்கிக் காட்டுவார். பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மறுநாள் விதியை ஒப்பிப்பார்கள். தன் கையால் அளப்பது பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் கோல்ராவுஷ் 1870இல் வெளியிட்ட புகழ்பெற்ற செய்முறைக் கையேடுகூடப் பல்கலைக்கழக மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே. இதை மாற்ற நினைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் சார்லஸ் எலியட். அவர் வேதியியல் படித்தவர். 1867இல் பிரான்சிஸ் ஸ்டோரருடன் சேர்ந்து, மாணவர்கள் தாங்களே சோதனை செய்து கற்கும்படி ஒரு வேதியியல் நூலை எழுதியிருந்தார். பள்ளிகளுக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆனால் ஹார்வர்டில் சேர என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. ஆய்வகத்தில் செய்த இயற்பியலையும் நுழைவுத் தகுதியாக ஏற்பது என்று முடிவாயிற்று. எந்தெந்தச் சோதனைகள் என்று வரையறுக்கும் பொறுப்பு எட்வின் ஹால் என்ற இளம் ஆசிரியரிடம் போயிற்று. 1886-87 வாக்கில் நாற்பது சோதனைகள் கொண்ட அவருடைய பட்டியல் அச்சில் வந்தது.

அந்தப் பட்டியலின் தொடக்கத்தைப் பார்த்தால் அதன் போக்கு புரிந்துவிடும். ஒளியோ மின்சாரமோ முதலில் வரவில்லை. ஒரு பொருளின் ஓரலகுக் கன அளவுக்கு எடை எவ்வளவு, நீரில் மூழ்கிய பொருளை நீர் எவ்வளவு தூக்குகிறது, மூழ்கும் பொருளின் ஒப்படர்த்தி, மிதக்கும் மரக்கட்டையின் ஒப்படர்த்தி, திரவத்தின் ஒப்படர்த்தி என்று வரிசையாகப் போகிறது. மரக்கட்டைச் சோதனை கொஞ்சம் சூட்சுமமானது. கட்டை மிதக்கும், ஆகவே அதை மட்டும் நீரில் வைத்து நிறுக்க முடியாது. ஓர் ஈயக்குண்டைக் கட்டி இழுக்க வேண்டும். கட்டை காற்றில் 60 கிராம், நீருக்குள் ஈயம் மட்டும் 100 கிராம், இரண்டையும் சேர்த்துக் கட்டி மூழ்கடித்தால் 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சேர்த்துக் கட்டிய பிறகு எடை ஏறுவதற்குப் பதில் 40 கிராம் இறங்கியிருக்கிறது. அந்த 40 கிராமோடு கட்டையின் சொந்த எடையான 60 கிராமையும் தாங்கியது நீர்தான். ஆக, கட்டையின் மேல் நீரின் மேல்நோக்கு விசை 100 கிராம், ஒப்படர்த்தி 0.6. அளவுகோலும் நாடாவும் இல்லாமல், எடைகளை மட்டுமே வைத்து, கோணல்மாணலான ஒரு கட்டையின் கன அளவையே பிடித்துவிடுகிறோம். பதினாறு வயதுப் பையனுக்கு ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை இதைவிடக் கச்சிதமாகக் காட்ட முடியாது. செலவும் அதிகமில்லை. பள்ளிகள் வாங்கக்கூடிய எளிய கருவிகளே போதும் என்பதில் ஹால் கவனமாக இருந்தார். இந்தப் பட்டியலைப் பழிப்பவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கட்டும்.

அப்படியானால் குறை எங்கே? ஹாலின் சொந்த வாழ்க்கையே அதைக் காட்டுகிறது. 1879இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோலண்டிடம் மாணவராக இருந்தபோது, கண்ணாடித் தட்டில் ஒட்டிய தங்க இலையில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதைக் காந்தப்புலத்தில் வைத்து, குறுக்குவாட்டில் மின்னழுத்தம் எழுகிறதா என்று கால்வனோமீட்டரில் பார்த்தார். இன்று ஹால் விளைவு என்று எல்லாப் பாடநூலிலும் இருப்பது அதுதான். காந்தவிசை கடத்தியின்மேல்தான் செயல்படுகிறது, அதில் ஓடும் மின்னோட்டத்தின்மேல் அல்ல என்று மாக்ஸ்வெல் எழுதியிருந்ததைப் படித்து, அதில் ஐயம் கொண்டு தொடங்கிய அளவீடு அது. விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்த பெரிய புத்தகம் வேறு மாதிரி சொன்னது. முள் அசைந்ததற்கு ஏதாவது பொருள் இருந்ததென்றால், அது அசையுமா என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாதிருந்ததே காரணம். ஏழெட்டு ஆண்டு கழித்து அதே மனிதர் எழுதிய பட்டியலில், ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3 என்ற விடை புத்தகத்தின் பின்பக்க அட்டவணையிலேயே இருக்கிறது. அந்த எண்ணுக்கு அருகில் வந்தால் மதிப்பெண். தள்ளிப் போனால் எங்கோ பிழை. அளவீட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது நுழைவுத் தேர்வு. ஓர் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அளவீட்டின் உயிர். அதைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியதும் அதே தேர்வுதான் என்பது என் வாதம்.

பதினாறு வயதில் யாரும் புதிய விளைவைக் கண்டுபிடிக்கப்போவதில்லை, தெரிந்த விடையை நோக்கித்தான் பயிற்சி நடக்க முடியும் என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். மாணவன் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிப்பதுபோல் நடிக்க வேண்டும் என்ற கட்சி அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பலமாக இருந்தது. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் அதன் தலைவர். ஹால் அந்தப் பக்கம் போகவில்லை. 1902இல் அலெக்சாண்டர் ஸ்மித்துடன் சேர்ந்து எழுதிய ஆசிரியர் நூலில் அவர் நடுவழி ஒன்றைச் சொன்னார்: என்ன விடை வரும் என்பதில் மாணவனைக் கொஞ்சம் இருட்டிலேயே வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் கண்ணில் பட்டதை அவன் விருப்பு வெறுப்பின்றிப் பதிவு செய்வான். ஆக, அபாயம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. பட்டியலிலும் அதற்கான மருந்து இருக்கிறது. திரவத்தின் ஒப்படர்த்திக்கு இரண்டு முறைகள். மரக்கட்டைக்கு ஈயக்குண்டு முறை ஒன்று, மிதக்கவிட்டுக் காணும் முறை வேறொன்று. ஒரே கட்டையை இரண்டு முறையிலும் அளந்தால் விடைகள் அச்சுப் பிசகாமல் ஒத்துவராது. கட்டை நீரை உறிஞ்சியதா, குமிழி ஒட்டியிருந்ததா, வில் தராசின் கோடுகளே நம்பத் தகாதவையா என்று கேட்டே ஆக வேண்டும். இந்தக் கேள்விக்கான விடை எந்த அட்டவணையிலும் கிடைக்காது. அது மதிப்பெண் பெறும் கேள்வியாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

போகவில்லை என்பதற்கு அந்தக் காலத்துக் குரல்களே சாட்சி. உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைப் பரிசீலிக்க 1892இல் அமைந்த பத்துப் பேர் குழுவுக்கு எலியட்டே தலைவர். ஆய்வக இயற்பியல் நாடு முழுவதற்கும் பரிந்துரையாயிற்று. 1904இல் உளவியலாளர் ஸ்டான்லி ஹால் (இவர் வேறு ஹால்), வளரிளம் பருவத்தினரின் ஆர்வத்தைத் துல்லிய அளவீட்டின் சுமை கொன்றுவிடுகிறது என்று சாடினார். சிகாகோவின் சார்லஸ் மான் இதே குறையைச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தி, 1912இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவர்கள் பக்கம் ஒரு புள்ளிவிவரமும் இருந்தது: அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் இயற்பியல் படித்தோர் 1890இல் 22.8 சதவீதம்; 1900இல் 19; 1910இல் 14.6. இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எளிது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த இருபது ஆண்டுகளில் அரசு உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர் தொகை சுமார் 2 லட்சத்திலிருந்து 9 லட்சத்தைத் தாண்டியது. இயற்பியல் படித்தவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அதைவிட வேகமாகப் பள்ளிக்கூடம் வளர்ந்திருக்கிறது. கல்லூரிக்குப் போகும் எண்ணமே இல்லாத பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேறு பாடங்களும் இருந்தன. அளவீடு மாணவர்களை விரட்டியது என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. கல்லூரி வாசலுக்காகத் தைத்த சட்டை அந்த வாசலுக்கே போகாதவர்களுக்கும் மாட்டப்பட்டது என்ற அளவில்தான் இந்த எண்கள் பேசுகின்றன.

இங்கிலாந்தை ஒப்பிட்டுப் பார்த்தால் குற்றம் தேர்வில் மட்டுமா என்ற ஐயம் வரும். அங்கே ஹார்வர்டு இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கின் கண்டறி முறை தேர்வுக்காகப் பிறந்ததல்ல. இருந்தும் 1918இல் ஜே. ஜே. தாம்சன் தலைமையிலான குழு, பல பள்ளிகளில் ஆய்வகத்தில் செலவழியும் நேரத்துக்கு ஏற்ற பயன் கிடைக்கவில்லை என்று எழுதியது. எலெக்ட்ரானைக் கண்டறிந்தவர் ஆய்வகத்தின் எதிரியாக இருக்க முடியாது. நாள் முழுக்க அளந்தும், அளந்த எண்ணை வைத்து மாணவன் எதையும் தீர்மானிக்க வேண்டியிராவிட்டால், தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சலிப்பு ஒன்றுதான். ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். நோய் எங்கும் வரக்கூடியது. தேர்வு அதற்கு அலுவலக முத்திரை குத்திக் கொடுத்தது.

கடைசியாக, வலுவான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது: எலியட் தேர்வை ஆயுதமாக்கியிராவிட்டால் எந்தப் பள்ளி நிர்வாகம் தராசும் குடுவையும் வாங்கியிருக்கும்? ஒன்றிரண்டு தவிர வாங்கியிருக்காது என்றே நானும் நினைக்கிறேன். கருவியும் தண்ணீர்க் குழாயும் நீண்ட மேசையும் பள்ளிக்குள் வந்தது அந்தக் கட்டாயத்தால்தான். அந்த ஆதாயத்தை ஸ்டான்லி ஹால் கணக்கில் எடுக்கவே இல்லை. ஆனால் கட்டாயம் எதன்மேல் விழுந்தது என்பது தனிக் கேள்வி. ஹார்வர்டு ஆய்வகத் தேர்வு வைத்தது. ஆசிரியர் சான்றளித்த செய்முறை நோட்டையும் கேட்டது. 1900இல் தோன்றிய கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் பல கல்லூரிகளுக்கும் ஒரே அளவுகோலை வைக்க முயன்றது. நூற்றுக்கணக்கான நோட்டுகளைப் புரட்டும் தேர்வாளருக்கு 0.6 என்ற எண்ணைச் சரிபார்க்க ஒரு நொடி போதும். இரண்டு முறையில் வந்த 0.58ஐயும் 0.63ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஈரமான கட்டையைச் சந்தேகித்து ஒரு மாணவன் எழுதிய அரைப் பக்கத்துக்கு மதிப்பெண் போட, உட்கார்ந்து படிக்க வேண்டும். நம் ஊர்ச் செய்முறைத் தேர்வில், நோக்கத்தில் தொடங்கி முடிவில் முடியும் ரெக்கார்டு நோட்டைத் திருத்தும் ஆசிரியருக்கும் நேரக் கணக்கு அதேதான்.